ஒன்பதாம் சாவி உள்ளே இருக்கிறது

உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்திலேயே வால் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான்.

ஆதாரங்கள் பளிச்சென்று இருந்தன. கசங்காத நீலச் சட்டை. நாற்பது வயதிலும் நெற்றியை விட்டு ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காத தலைமுடி. எல்லாவற்றுக்கும் மேலாக, வாலின் மனைவியைப் பார்த்ததும் அந்த ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சொன்ன வார்த்தைகள்.

"ஏய், ஜன்னல்! நீ கொஞ்சம்கூட மாறவே இல்லை!"

கல்யாணமாகிப் பதினொரு வருடம். மனைவிக்கு 'ஜன்னல்' என்று ஒரு பெயர் இருந்ததே வாலுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"காலேஜ்ல எப்பவும் ஜன்னலோரமாத்தான் உட்காருவேன்," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "அதான் அப்படிக் கூப்பிடுவாங்க."

"எல்லாரும் கூப்பிடுவாங்களா, இவர் மட்டுமா?"

"எல்லாரும்தான். ஆனா பேர் வச்சது நான்," என்றான் நீலச் சட்டைக்காரன் பெருமையாக.

வால் அதையும் குற்றப்பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

துப்பறியும் வேலை அவளுடையது. அவன் உதவியாளன். வேலை நேரத்தில் மனைவியை 'மேடம்' என்றுதான் அழைக்க வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். போகிற இடமெல்லாம் அவள் பின்னாலேயே போவதால், "நான் மேடத்தோட வால்" என்று ஒருமுறை விளையாட்டாக அறிமுகம் செய்துகொண்டான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயரைத் துரத்திவிட்டது.

நீலச் சட்டைக்காரனுக்கு அந்த அலுவலகத்தில் இருந்த பெயர் கதவுக்காரன்.

"கதவும் ஜன்னலும்," என்று முணுமுணுத்தான் வால். "இன்னும் நாலு சுவர் இருந்தா குடித்தனமே நடத்தலாம்."

மேடம் அவன் காலை மெதுவாக மிதித்தாள். கேஸ் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

காது கேளாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து கருவி பொருத்தித் தரும் நிறுவனம் அது. மூன்றாம் மாடி. கண்ணாடித் தடுப்புகள், நீளமான நடைகூடம். ஒன்பது பெண்கள் தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். ஆளுக்கு ஏழெட்டு வீடு. கருவியைச் சுத்தம் செய்வார்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வைப்பார்கள், பாட்டரி மாற்றுவார்கள்.

"ஆறாயிரம் பேரோட விவரம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு," என்றான் கதவுக்காரன். "எந்தக் காது, எவ்வளவு கேட்கும், கருவியைக் கடைசியா எப்ப சரி பண்ணினோம், வீட்டுக்கு எப்படிப் போகணும், எல்லாமே. ஆனா வெளியில போறவங்க யாரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க இல்ல. இருபது வரி டைப் அடிச்சு உள்ள வான்னா வருவாங்களா? அதுக்குத்தான் போன்லயே திறக்கற மாதிரி இந்தக் கதவை நான் செஞ்சேன்."

சட்டைப்பையிலிருந்து கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லையை எடுத்தான். வளையத்தில் கோத்திருந்தது.

"இதுதான் சாவி. போனோட முதுகுல ஒரு தடவை தொடணும். நாலு இலக்க ரகசிய எண்ணைப் போடணும். அவ்வளவுதான், கதவு திறந்துடும். அன்னிக்குப் போக வேண்டிய வீடுங்க மட்டும் தெரியும். எதையும் நகல் எடுக்க முடியாது. கால் மணி நேரம் தொடலைன்னா தானா மூடிக்கும். சாவி மட்டும் இருந்தாலும் திறக்காது, எண் மட்டும் தெரிஞ்சாலும் திறக்காது."

"எண்ணை யார் வைக்கிறது?" என்று கேட்டாள் மேடம்.

"அவங்கவங்களே. எனக்குக்கூடத் தெரியாது."

"அழகா இருக்கு," என்றாள் அவள்.

கதவைச் சொன்னாளா, கதவுக்காரனைச் சொன்னாளா என்று வாலுக்குப் புரியவில்லை. "எங்க வீட்டுக் கதவும் நல்லாத்தான் இருக்கும்," என்றான். "மழை பேஞ்சா மட்டும் கொஞ்சம் இறுக்கிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. இதுவே இரண்டு நாள் முன்பு, கதவுக்காரன் அவளுக்குப் போன் செய்வதற்கு முன்பாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

முதலாளியம்மா தன் அறையில் நின்றுகொண்டே பேசினார்.

"போன வாரம் அஞ்சு நாள்ல ஒன்பதாம் சாவி இருநூத்துப் பன்னிரண்டு தடவை உள்ள வந்திருக்கு. அந்தச் சாவிக்காரப் பொண்ணு கால் உடைஞ்சு வீட்ல படுத்திருக்கா. அப்ப வந்தது யாரு?"

"நகல்தான் எடுக்க முடியாதே அம்மா," என்றாள் மேடம்.

"ஒரு போன் திரையை இன்னொரு போன்ல படம் பிடிக்க முடியாதா? நான் அவ்வளவு விவரம் தெரியாதவ இல்லம்மா." அவருடைய குரல் இறங்கியது. "அதுல இருக்கிறவங்கள்ல பாதிப் பேர் வயசானவங்க, தனியா இருக்கறவங்க. கருவியைக் கழட்டி வச்சுட்டுத் தூங்கினா, கதவை உடைச்சாக்கூடக் காதுல விழாது. யார் வீட்ல, எத்தனை மணிக்கு, எந்தக் காதுன்னு எழுதியே வச்சிருக்கோம். தப்பான கைக்குப் போனா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க."

வால் யோசித்துப் பார்த்தான். வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

"பூட்டு செஞ்சவருக்குத்தான் இன்னொரு சாவி செய்யவும் தெரியும். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள வேற யாருன்னு சொன்னீங்கன்னா சரி. இல்லைன்னா அவரைத்தான் கைகாட்டுவேன். கதவையும் இழுத்து மூடிடுவேன்."

"மூடிட்டா அவங்க வெளியில என்ன பண்ணுவாங்க?"

"முன்னாடி பண்ணின மாதிரிதான். பதிவு அக்காவுக்குப் போன் பண்ணுவாங்க, அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துப் படிச்சுச் சொல்லுவாங்க. பத்தொன்பது வருஷம் அப்படித்தான் ஓடிச்சு."

மணி ஒன்றரை.

பதிவு அக்காவின் மேசை நடைகூடத்தின் நடுவில் இருந்தது. மேசையில் கம்ப்யூட்டர், ஒரு தொலைபேசி, மடித்து வைத்த துடைக்கும் துணி. எதிர்ச் சுவரில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஒன்பது கொக்கிகள். எட்டு காலி. ஒன்பதாவதில் வளையத்தோடு கறுப்பு வில்லை தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றான் வால், "நாம தேடற ஒன்பதாம் சாவி இங்க காத்து வாங்கிட்டு இருக்கு."

கதவுக்காரன் ஓடிவந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "இது எப்படி இங்க? இதை வீட்ல பத்திரமா வச்சுக்கச் சொன்னேனே!"

"லீவுல போறவங்க சாவியைக் கொக்கியில மாட்டிட்டுத்தான் போவாங்க," என்றார் பதிவு அக்கா. ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். தலைமுடி ஒன்று கலையவில்லை. "அலமாரிச் சாவி, வண்டிச் சாவி, எதுவா இருந்தாலும் இங்கதான். ஆரம்பத்துலேர்ந்தே பழக்கம் அது."

"இது அலமாரிச் சாவி இல்லக்கா!"

"நீங்கதானே சாவின்னு சொன்னீங்க," என்றார் அக்கா. குரலில் லேசான திருப்தி இருந்தது.

ஆக, நகல் சாவி தேவையே இல்லை. தண்ணீர் குடிக்க வருகிற யார் வேண்டுமானாலும் எடுத்துத் திரும்ப மாட்டியிருக்கலாம். ஆனால் எண் தெரிய வேண்டுமே? அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான்.

ஒன்பதாம் சாவிக்காரியின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டி வைத்திருந்தாள். மாவுக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் கலர் பேனாவால் பூ வரைந்திருந்தார்கள்.

"என் எண்ணா? ஐயோ, யார்கிட்டயும் சொல்லவே இல்லை மேடம். என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. கேட்டார், சொல்லலை. ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டு இருந்தார்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"எழுதக்கூடாதுன்னு கதவு சார் சொன்னாரே."

"சரி. எண்ணைச் சொல்ல வேண்டாம். இப்ப ஞாபகம் இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

அவள் கூரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "இருக்கு... இருக்கும்னு நினைக்கறேன். ஒரு வாரமாப் போடலை இல்லையா? அதுக்கென்ன, வேலைக்குத் திரும்பும்போது கேட்டுக்கிட்டாப் போச்சு."

மேடம் தலையை ஆட்டினாள். வால் அதைக் கவனிக்கவில்லை. அவள் கைப்பையில் போன் ஒருமுறை உறுமியிருந்தது. அவள் எடுத்துப் பார்த்து, இரண்டு விரலால் ஏதோ எழுதி, புன்னகையோடு உள்ளே போட்டிருந்தாள். அந்தப் புன்னகையின் நீளத்தை அவன் அளந்துகொண்டிருந்தான்.

தெருவில் இறங்கியதும் கேட்டான். "யாரு?"

"கதவுக்காரன். 'டென்ஷனா இருக்கு, சீக்கிரம் வா'ங்கறான்."

"'வா'ங்கறானா, 'வாங்க'ங்கறானா?"

"நாங்க ஒரே வகுப்புங்க. 'வாங்க மேடம், அமருங்க மேடம்'னா எழுதுவான்?"

"எழுதினா என்ன? கை தேஞ்சா போயிடும்?"

"இன்னிக்கு உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று நின்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலை மேடம். வாலுக்கு ஏது மூளை? ஆட்டச் சொன்னா ஆடும்."

அலுவலகத்துக்குத் திரும்பும்போது மணி மூன்று. கண்ணாடி அறைக்குள் மேடமும் கதவுக்காரனும் ஒரே திரையைப் பார்த்தபடி பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாற்காலி இருக்கிறதா என்று வால் தேடினான். இருந்தது. அதன் மேல் காகிதக் கட்டு ஒன்று.

"அது ஒன்பதாம் சாவியோட பதிவு," என்றான் கதவுக்காரன். "இருநூத்துப் பன்னிரண்டு வரி. எத்தனை மணி, எந்தப் பக்கம்னு இருக்கும். பூட்டுல எங்கயாவது ஓட்டை இருக்கான்னு நான் பார்த்துட்டு இருக்கேன், அதைப் படிக்க நேரமே கிடைக்கலை."

"நீங்க படிங்களேன்," என்றாள் மேடம் அவனைப் பார்த்து. குழந்தையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுக்கிற குரல்.

கட்டைத் தூக்கிக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தான் வால். பதிவு அக்கா தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் கொடுத்தார்.

"உள்ள இடமில்லையா தம்பி?"

"இடமெல்லாம் இருக்குக்கா. நமக்கு இல்லை."

அக்கா தொலைபேசியைத் துணியால் துடைத்தார். பிறகு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, ஒரு கணம் கேட்டுவிட்டு, திரும்ப வைத்தார்.

வால் படிக்க ஆரம்பித்தான். எட்டு ஐந்துக்கு உள்ளே. அரை நிமிடத்தில் வெளியே. எட்டு பன்னிரண்டுக்கு உள்ளே. எட்டு இருபதுக்கு மறுபடியும். ஒரு வருகையும் முக்கால் நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டு பக்கம் படித்ததும் அவனுக்கு ஏதோ உறுத்தியது. ஐந்தாவது பக்கத்தில் அது என்னவென்று தெரிந்தது.

கதவு திறந்ததும் முதலில் வரும் பக்கத்தின் பெயர், 'இப்போது உள்ளே இருப்பவர்கள்.' கூட வேலை செய்கிறவர்களில் யார் யார் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் வீடுகள், காதுகள், விலாசங்கள். ஒன்பதாம் சாவி இருநூற்றுப் பன்னிரண்டு தடவை உள்ளே வந்திருக்கிறது. ஒருதடவைகூட முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

திருட வந்தவன் பொருளைப் பார்ப்பான். இந்த ஆள் வந்து வந்து பார்த்தது ஆட்களை. யார் உள்ளே இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள். அவ்வளவுதான். பார்த்துவிட்டுப் போவது, பொறுக்க முடியாமல் ஏழாவது நிமிடம் மறுபடி வந்து பார்ப்பது.

வாலுக்குக் காது சூடானது. இந்த வேலையை அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு நாளாக அவனே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இது. கதவுக்காரனின் முதல் அழைப்பு வந்ததிலிருந்து, மனைவி கடைசியாக எத்தனை மணிக்குப் போனில் இருந்தாள் என்று தன் போனைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன எழுதுகிறாள் என்று படித்ததில்லை. படிக்கத் தைரியம் இல்லை. இருக்கிறாளா, இல்லையா. அது மட்டும்.

அப்படியானால் இது திருட்டே இல்லை. வெளியில் நிறுத்தப்பட்ட யாரோ ஒருவர், உள்ளே நடப்பதைச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறார்.

பக்கத்தில் சின்னச் சத்தம். பதிவு அக்கா மறுபடி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்திருந்தார்.

"போன் கெட்டுப்போச்சாக்கா?"

"சில நேரம் சத்தமே இல்லாமப் போயிடும். அதான் பார்த்தேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. ஏதோ சாவுச் செய்தி சொல்கிற மாதிரி.

வால் எதிர்ச் சுவரைப் பார்த்தான். கொக்கிப் பலகை. அந்த மேசையிலிருந்து மூன்றே எட்டு.

கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று முப்பத்து நாலு.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கால் எழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவுக்காரன் ஏதோ சொல்ல, மேடம் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தொண்டை தெரியச் சிரித்தாள். இரண்டு நாளாக அவனுடைய எந்த நகைச்சுவைக்கும் கிடைக்காத சிரிப்பு.

இன்னும் இருபத்தாறு நிமிடம். அவன் எதையும் செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தால் போதும். இன்ஸ்பெக்டர் வருவார். நீலச் சட்டை அவரோடு போகும். நாளைக்கோ மறுநாளோ உண்மை தானாக வெளியே வரட்டுமே. 'உதவியாளன்தானே, என்னை யார் கேட்டார்கள்?' என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் சரளமாக வாதாடினான்.

டீ ஆறியது. வால் அசையவில்லை.

மூன்று நாற்பத்தாறுக்கு முதலாளியம்மா வெளியே எட்டிப் பார்த்தார். "இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாராம். அக்கா, வந்ததும் நேரா என் ரூமுக்கு அனுப்புங்க."

"சரிம்மா," என்றார் பதிவு அக்கா. துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த தொலைபேசியைத் துடைத்தார். பிறகு கண்கள் மெதுவாகக் கடிகாரத்துக்குப் போயின. அங்கே வாலின் கண்களும் வந்து சேர்ந்தன.

ஒரு கடிகாரம், இரண்டு பேர், ஒரே நாலு மணி. வாலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா," என்றான் தாழ்ந்த குரலில். "எவ்வளவு முறைச்சாலும் அது வேகமாப் போகாது. பன்னிரண்டு நிமிஷமா நானும் முறைச்சுட்டுத்தான் இருக்கேன்."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"அந்த ஆள் எப்படா ஒழிவான்னு ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கோம். நான் எதுக்குன்னு சொல்லட்டுமா? அதோ சிரிக்கறாளே, அவ என் பொண்டாட்டி. பக்கத்துல இருக்கறவன் அவ காலேஜ் சிநேகிதன். இன்னிக்குக் காலையிலேர்ந்து, அவ கடைசியா எப்ப போன் பார்த்தான்னு பதினோரு தடவை பார்த்துட்டேன். பார்த்து என்ன கண்டேன்? ஒண்ணும் இல்லை. ஆனா பார்க்காம இருக்க முடியலை."

அக்கா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

"பதினோரு தடவைதானா?"

வால் மூச்சை விட்டான். "நீங்க ஒரு நாளைக்கு நாற்பதைத் தாண்டிட்டீங்க."

துணி அக்காவின் கையில் சுருண்டது. "எட்டு மணிக்கு அடிக்க ஆரம்பிச்சா சாயந்திரம் வரைக்கும் ஓயாது தம்பி, இந்தப் போன். 'அக்கா, இந்தப் பெரியவருக்கு எந்தக் காது?' 'அக்கா, அந்த வீட்டுக்கு எந்தச் சந்து?' பத்தொன்பது வருஷம். எங்க வீட்டுக்காரர்கூட என்னை அத்தனை தடவை கூப்பிட்டதில்லை. கதவு வந்த அன்னிக்கு ஒரே ஒரு போன் வந்தது. மறுநாள் அதுவும் இல்லை."

"உங்களுக்கு ஒரு சாவி கொடுக்கலையா?"

"ஒன்பது பேருக்கும் கேக் வெட்டி, கைதட்டிக் கொடுத்தார். நானும் எழுந்து நின்னேன். 'உங்களுக்கு எதுக்குக்கா, நீங்கதான் ஆபீஸ்லயே இருக்கீங்களே'ன்னுட்டார்." குரல் உடைந்தது. "அதான் அந்தச் சாவியை எடுத்து என் கைபோன்ல தொட்டேன். எவளாவது ஒருத்தி உள்ள போய்த் தேடி, கிடைக்காம வெளியில வருவா, 'அக்கா'ன்னு கூப்பிடுவான்னு பார்த்தேன். வருவாங்க, போவாங்க. பேர் தெரியும், மறையும். யாருமே கூப்பிடலை. ஒரு வீட்டு விவரத்தைக்கூட நான் தொடலை. அதெல்லாம் எனக்கு மனப்பாடம், அதைப் பார்க்கவா போவேன்?"

"எண் எப்படித் தெரியும்?"

அக்கா நிமிர்ந்தார். அழுகைக்கு நடுவிலும் அதில் ஒரு கர்வம் இருந்தது. "ஒன்பது பேர் எண்ணும் எனக்குத் தெரியும்."

வால் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வாங்கக்கா," என்றான். "ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடுவோம். தனியாப் போகத்தான் கஷ்டம்."

கண்ணாடி அறையில் எல்லோரையும் வைத்துக்கொண்டு அக்கா எல்லாவற்றையும் சொன்னார். வால் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளைப் பரப்பி, எல்லா வரியிலும் ஒரே பக்கம் இருப்பதைக் காட்டினான். முதலாளியம்மாவுக்கு எண் விஷயம்தான் நம்பவே முடியவில்லை. மேடம் போனை எடுத்து, ஒன்பதாம் சாவிக்காரியை எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தாள்.

"உங்க எண்ணை யார்கிட்டயும் சொல்லலைன்னீங்களே?"

"சத்தியமா இல்லை மேடம்."

"பதிவு அக்காகிட்ட?"

"அக்காகிட்ட சொல்லாம எப்படி? மறந்துபோனா யாரைக் கேக்கறது? எல்லாருமே அக்காகிட்டதான் சொல்லி வச்சிருக்கோம்."

கதவுக்காரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சாவியையும் எண்ணையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது காக்கும் என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டவன் அவன். ஒன்பது சாவிகளுக்கு ஒரு பலகை, ஒன்பது எண்களுக்கு ஓர் அக்கா என்று எல்லாவற்றையும் பழைய வழக்கப்படி மூன்றே எட்டு தூரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"நாலு மணிக்கு ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க," என்றார் முதலாளியம்மா பதிவு அக்காவிடம். "நீங்க பேசாம உட்கார்ந்திருந்தீங்க."

அது வாலுக்கும் பொருந்தியது. அவன் தரையைப் பார்த்தான்.

"தப்பு என்னோடதும்தான்," என்றான் கதவுக்காரன். "என்ன வேணும்னு ஒன்பது பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சுக் கேட்டேன். அதுவரைக்கும் அந்த வேலையைச் செஞ்சுட்டு இருந்தவங்களை மட்டும் கேட்கலை. இவங்க மேல புகார் கொடுக்காதீங்கம்மா."

நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான் என்று வால் பல்லைக் கடித்தான்.

"உங்க கதவுல குறை ஒண்ணும் இல்லை சார்," என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதான் எனக்குக் கோவமே."

முதலாளியம்மா யோசித்தார். இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார். ஒன்பது எண்களையும் அன்றைக்கே மாற்றச் சொன்னார். கொக்கிப் பலகையைக் கழற்றச் சொன்னார். "அக்கா, ஒரு வாரம் வீட்ல இருங்க. கோவத்தோட முடிவெடுக்க எனக்கு இஷ்டமில்லை. திரும்பி வந்ததும் பேசுவோம். எண்ணை மறந்தவங்க அதுவரைக்கும் இவரைக் கூப்பிடட்டும்." கதவுக்காரனைக் காட்டினார். "ஒன்பது பேரும் கூப்பிட்டா அக்கா பட்ட பாடு என்னன்னு தெரியும்."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடியும் படியில்தான் இறங்கினார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் வால் கேட்டான். "காலேஜ்ல அவன் உன்கிட்ட ஏதாவது கேட்டானா?"

"கேட்டான். கடைசி வருஷம்."

"நீ?"

"இப்ப நான் யார்கூடப் படியிறங்கிட்டு இருக்கேன்?"

அது பதிலா என்று வால் அரை மாடி வரை யோசித்தான். பதில்தான் என்று முடிவு செய்தபோது அவள் நின்றுவிட்டாள்.

"அந்தப் பொண்ணு 'வேலைக்குத் திரும்பும்போது கேட்டுக்கறேன்'னு சொன்னப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. சொந்த எண்ணை ஆபீஸ்ல யார்கிட்ட போய்க் கேட்பா?"

"அப்ப நீ... மூணு மணிக்கே?"

"பூட்டைப் பார்க்கறதுக்கா அவன் பக்கத்துல உட்கார்ந்தேன்? கண்ணாடி வழியா அக்காவைப் பார்க்கத்தான். அவங்களே எழுந்து வரட்டும்னு காத்திருந்தேன். மூணு முப்பத்து நாலுக்கு நீங்க தலையைத் தூக்கிக் கொக்கியைப் பார்த்தீங்க, கடிகாரத்தைப் பார்த்தீங்க. அப்புறம் உட்கார்ந்தே இருந்தீங்க."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பதினொரு வருடத்தில் அவளிடம் இவ்வளவு சின்னவனாக அவன் நின்றதில்லை.

"நான் வரலைன்னா?"

"மூணு அம்பத்தொன்பதுக்கு நானே சொல்லியிருப்பேன். கேஸ் முடிஞ்சிருக்கும்." கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அப்புறம் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட என்ன பேசறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். ஒண்ணுமே தோணலை. அவன் ஏதோ ஜோக் சொன்னான். அது என்னன்னுகூடக் கேட்கலை. நீங்க எழுந்திருக்கறீங்களான்னு பார்த்துட்டே சும்மா சிரிச்சு வச்சேன்."

"பன்னிரண்டு நிமிஷம்," என்றான் வால். "தப்புதான்."

"ஆமா, தப்புதான்." அவள் அவன் கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துத் தன் கையில் கோத்துக்கொண்டாள். "பன்னிரண்டு நிமிஷம் லேட். பரவாயில்லை, வந்தாச்சு. மெதுவா இறங்குங்க, படி செங்குத்தா இருக்கு."